குல்லாவுக்கு மேல் ஹெட்போன்

பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஹெட்போனில் கேட்டுக் கலந்து மிக்ஸிங் செய்வதால் வரும் கெடுதல்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கேட்பதால் பாட்டு அகலமாகத் தெரியும், ஸ்பீக்கரில் போட்டால் சுருங்கிவிடும். தாழ்ந்த ஓசைகள் ஏமாற்றும். நெடுநேரம் போட்டிருந்தால் காது களைத்துப்போய்ப் பொய் சொல்லும். இவற்றையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள், ஒரு முறையாவது அனுபவப்பட்டிருப்பீர்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். நான் பார்த்தவரை எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹெட்போனை, காதை மூடுகிற கம்பளி மங்கி குல்லாவுக்கு மேல் போடாதீர்கள்.

சிரிப்பது கேட்கிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மதுரையில் இருந்தவர். ஹெட்போனில் வியர்வை படிந்தால் எப்படித் துடைப்பது, வயரை எப்படிச் சுருட்டுவது, பாட வந்தவர் பாதியில் அழுதால் எங்கே பார்ப்பது என்பது வரை சொல்லித்தந்தார். குல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதுரையில் வேலை பார்த்தவருக்கு அது தோன்ற வாய்ப்பில்லை.

என் ஒலிப்பதிவு அறை கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. சென்ற ஆண்டு காலி செய்யும்வரை அங்கேதான் வேலை. மேலே தகரக் கூரை. கீழே தங்கும் விடுதி. அமைதி வேண்டும் என்று ஊர்களிலிருந்து வந்து படுத்திருப்பவர்கள். ஆகவே ஸ்பீக்கரைத் திறந்து வைத்து வேலை செய்ய வழியில்லை, ஹெட்போன்தான். மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் போட்டால் பழைய வயரிங் காரணமாகப் பதிவில் உர்ரென்று ஒரு சத்தம் ஏறும். ஆகவே குல்லா. இரண்டும் தனித்தனியே நியாயமான முடிவுகள். இரண்டும் ஒரே தலையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

பிரபு என்னிடம் வந்தது அப்படி ஒரு மார்கழியில். சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான். அந்த உரிமையில் இங்கே அவன் என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கவிதா என்ற பெண்ணும் அவனும் விரும்பினார்கள். கவிதாவின் ஊர் பழனி. அவள் அப்பா தண்டபாணி அங்கே சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்.

தண்டபாணிக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. காரணம் அவன் தொழில்.

"வண்டிக்காரப் பயலுக்கு எதுக்கெடுத்தாலும் ஆரன். அடுத்தவன் காது என்னாகும்னு நெனச்சுப் பாப்பானா? அவன் நாளைக்குப் பொண்டாட்டி சொல்றதக் கேப்பானா?" என்று கவிதாவிடம் சொன்னாராம்.

ஊருக்கே குழாய் கட்டுகிறவர் இதைச் சொல்லலாமா என்று பிரபு என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பெண்ணைப் பெற்றவரிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல.

கவிதா பிடிவாதமாக இருந்ததால் அவர் நிச்சயதார்த்தம் வரை இறங்கிவந்திருந்தார். அதிலும் ஒரு கொக்கி வைத்திருந்தார். "வாங்க, சாப்பிடுங்க. தட்டு மாத்துறத அன்னைக்குப் பாத்துக்கிருவோம்." தட்டு மாறினால் கல்யாணம். மாறாவிட்டால் சாப்பாட்டோடு சரி.

"அதான்க்கா ஒரு பாட்டு எழுதிருக்கேன்" என்றான் பிரபு. "நானே பாடப்போறேன். மண்டபத்துல அவரு கொழாயிலயே அது ஒலிக்கணும். சத்தத்தோட அருமை தெரிஞ்ச மனுசன். கேட்டா கவுந்துருவாரு."

பாட்டைப் படித்துப் பார்த்தேன். பிள்ளையார் துதியில் தொடங்கி, கவிதாவின் ஊரைப் புகழ்ந்து, அப்பாவைப் புகழ்ந்து, அவர் தொழிலைப் புகழ்ந்து, கடைசியில் போகிற போக்கில் கவிதாவைத் தொட்டுச் சென்றது. மிகவும் நீளம். இரண்டு சரணத்தை வெட்டலாம் என்றேன். எந்தச் சரணத்தை வெட்டினாலும் மாமனார் குறைந்துவிடுவார் என்று மறுத்துவிட்டான். பல்லவி இப்படிப் போகும்: "சில்லுன்னு சிறுசாரல் சிலுசிலுன்னு சிதறுதே." இந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல்லுக்கிடையில் எவ்வளவு காற்று போகிறது என்று கவனியுங்கள். இதற்குப் பின்னால் முழுக்க ஜால்ரா வேறு கேட்டான்.

பதிவு நன்றாகவே நடந்தது. மிக்ஸிங்கில்தான் சிக்கல். குல்லாவை இழுத்துவிட்டு, அதன் மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குரல் மங்கலாக இருந்தது. யாரோ கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. உண்மையில் கம்பளிக்குள் இருந்தது நான். ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினேன். கூர்மையான மேல் ஓசையை மட்டும் கூட்டுகிற வேலை அது. இன்னும் போதவில்லை. மேலும் ஏற்றினேன். ஜால்ரா எங்கோ தூரத்தில் கேட்டது. அதைப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

ஒரே ஆளின் காதை நம்பக்கூடாது என்பது என் கொள்கை. ஹெட்போனைப் பிரபுவிடம் கொடுத்தேன். அவனும் குல்லாவுக்கு மேலேயே மாட்டினான்.

"நல்லாருக்குக்கா. ஆனா லேசா மங்கிக் கெடக்கு. பளிச்சுன்னு வேணும்."

எனக்கும் அப்படியேதான் தோன்றியது. இன்னும் ஏற்றினேன். இருவர் தனித்தனியாகக் கேட்டு ஒரே கருத்தைச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்கு முன் இருவர் தலையிலும் ஒரே கடைக் குல்லா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்த முதல் வாரத்தில், நிச்சயதார்த்தத்தன்று எல்லோரும் வெள்ளனே கிளம்பினோம். வேனை மாப்பிள்ளையே ஓட்டினான். அவன் சித்தப்பா அதைக் கடுமையாக எதிர்த்தார்.

"ஏலே, உன் நிச்சயத்துக்கு நீயே ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டுப் போயி எறங்குனா ஊரு சிரிக்காதா? வேற டிரைவரப் போடு."

"வேற டிரைவரு இந்த வளைவுல ஆரன் அடிப்பான் சித்தப்பா" என்றான் பிரபு. அந்தப் பயணம் முழுவதும் அவன் ஆரனைத் தொடவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சன்னலைத் திறந்து, எதிரே வண்டி வருகிறதா என்று காதால் கேட்டுக்கேட்டுத் திருப்பினான். அதனால் குளிர்காற்று உள்ளே வந்தது. எல்லோருக்கும் ஏற்கெனவே சளி. மலையிலிருந்து இறங்கினால் காது அடைப்பது இயல்பு. சளியோடு இறங்கினால் அடைத்தது திறப்பதற்கு நேரம் பிடிக்கும். பழனி வந்து சேர்ந்தபோது வேனில் இருந்த ஒருவருக்கும் ஒழுங்காகக் காது கேட்கவில்லை. அடைத்த காதில் முதலில் மங்குவது கூர்மையான ஓசை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்துக்குப் போகுமுன் ஸ்பீக்கரில் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது முறை. நான் முறை தவறாதவள். வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அதன் ஸ்பீக்கரில் பாட்டைப் போடச் சொன்னேன். இதமாக இருந்தது. குரல் தெளிவு, ஜால்ரா அளவு. பிரபுவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா இன்னொரு முறை போடச் சொன்னார். வேன் முழுவதும் ஒருமனதாகப் பாராட்டியது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு மிக்ஸிங்குக்கு ஒருவர்கூடக் குறை சொல்லாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

மண்டபம் சின்னது. மகளின் நிச்சயம் என்பதால் தண்டபாணி தன்னிடம் இருந்தவற்றில் சிறந்த இரண்டு குழாய்களுக்குப் புதிதாக வெள்ளி வண்ணம் அடித்து, மேடைக்கு இருபக்கமும் தூணில் கட்டியிருந்தார். இரண்டும் நேராகப் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தன. ஆம்ப்ளிஃபயர் வெளியே அவருடைய வண்டியில் இருந்தது. அதைத் தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வண்டிக்கதவைப் பூட்டியும் இருந்தார்.

பென் டிரைவை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் ரெக்கார்டிங் பண்ணுன அம்மாவா? கொழாய்க்குத் தோதா பண்ணிருக்கீங்களா? கூரான சத்தம் ஏறுனா கொழா கூச்சப்படும், பாத்துக்கங்க."

"செக் பண்ணிட்டுத்தாங்க கொண்டாந்தேன்."

"அப்பச் சரி" என்று சொல்லி வெளியே போய்ப் பாட்டைப் போட்டுவிட்டு, வண்டியைப் பூட்டிக்கொண்டு, கம்பீரமாக உள்ளே வந்து நின்றார்.

பிள்ளையார் துதி தொடங்கியது. முதல் ஜால்ரா விழுந்தவுடன் பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காதில் கைவைத்தார்கள். அவர்கள் நடுவே கவிதா மட்டும் கைவைக்காமல் மேடையைப் பார்த்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கோ எல்லாம் இதமாகக் கேட்டது. பிள்ளையார் பாட்டு, எதிரே எல்லோரும் காதைப் பிடிக்கிறார்கள், சம்பந்தி வீட்டு வழக்கம்போலும் என்று பிரபுவின் அம்மா பயபக்தியோடு தன் காதுகளைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து மலையிலிருந்து வந்த எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சித்தப்பா எழுந்து மூன்று தோப்புக்கரணமும் போட்டார்.

கவிதாவின் அத்தை கொதித்துவிட்டார். "என்னங்க, பழிப்புக் காட்டுறீங்களா? இங்க பல்லெல்லாம் கூசுது, நீங்க தோப்புக்கரணம் போட்டு வெளையாடுறீங்க!"

"நம்ம பயதாங்க பாடுனது" என்றார் சித்தப்பா பெருமையாக. காது அடைத்தவர் பேசுகிற உரத்த குரல். அத்தைக்கு அது சண்டைக்குரலாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து நான் சூடான காப்பியை ஒரு மடக்கு விழுங்கினேன். டப்பென்று என் காது திறந்தது. அப்போதுதான் என் மிக்ஸிங்கை நான் முதன்முறையாகக் கேட்டேன். ஒவ்வொரு 'சி'யும் ஊசியாக வந்தது. "சில்லுன்னு சிறுசாரல்" என்பது சாரல் மாதிரியே இல்லை, கண்ணாடிக்கடை சரிந்து விழுவது மாதிரி இருந்தது.

நெருக்கடியில் முதலில் செய்ய வேண்டியது, கையில் இருக்கும் வழிகளை வரிசைப்படுத்துவது. வரிசைப்படுத்தினேன். ஆம்ப்ளிஃபயரைக் குறைக்கலாம், பூட்டியிருக்கிறது, சாவிக்காரர் மேடைக்கு அந்தப்பக்கம் முகம் சிவந்து நிற்கிறார். வயரைப் பிடுங்கலாம், நல்ல காரியத்தில் சாமி பாட்டைப் பாதியில் அறுத்தால் தட்டு மாறாது. "நிறுத்துங்க!" என்று கத்தலாம். நிச்சயதார்த்த மண்டபத்தில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி எழுந்து "நிறுத்துங்க" என்று கத்தினால், கூட்டம் அதை ஒலிப்பதிவு சம்பந்தமான கருத்தாக எடுத்துக்கொள்ளாது. இப்படி நான் வரிசைப்படுத்திக்கொண்டே நின்றதில் முதல் சரணம் வந்துவிட்டது.

பிரபு மேடையில் பாயில் உட்கார்ந்திருந்தான். சட்டென்று எழுந்தான். தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை உருவினான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தூணோடு ஏறி, அதைக் குழாயின் வாய்க்குள் திணித்தான்.

"ஏலே! ஏலே! என் கொழாய்க்குள்ள என்னத்தடா திணிக்குற?" என்று தண்டபாணி பாய்ந்து வந்தார்.

சத்தம் சற்றே குறைந்தது. பட்டு மெல்லியது, அது போதாது. அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. இந்தப் பாட்டைக் கம்பளி வழியாகக் கேட்டுச் செய்தேன். கம்பளி வழியாகத்தான் இதைக் கேட்க முடியும்.

"பட்டு ஆகாது பிரபு, கம்பளி! சித்தப்பா, குல்லாவக் குடுங்க!"

சித்தப்பா பழனி வெயிலிலும் குல்லாவைக் கழற்றாதவர். "சளி புடிச்சுக்கிரும்மா" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"புடிச்சு ஒரு வாரமாச்சு, குடுங்க!" என்று நானே உருவினேன். பிரபு அங்கவஸ்திரத்தை எடுத்துவிட்டுக் குல்லாவைக் குழாய்க்குள் ஆழமாகச் செருகினான். அந்தக் குழாய் அடங்கியது. அவன் குதித்து நாற்காலியை மறுபக்கம் இழுத்துக்கொண்டு ஓடினான். அவன் அம்மாவின் கம்பளிச் சால்வையை நான் வீசினேன். அதை இரண்டாவது குழாயின் வாயில் விரித்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண் வீட்டார் ஒவ்வொருவராகக் காதிலிருந்து கையை எடுத்தார்கள். அதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும் மரியாதையாக எடுத்தார்கள்.

இப்போது பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. நாயுடுபுரத்து அறையில் நான் கேட்ட அதே பாட்டு. அத்தைகூட, "இது அப்ப வேற பாட்டா?" என்று கேட்டார்.

ஆனால் தண்டபாணி பாட்டைக் கேட்கவில்லை. பிரபு ஏறி நின்ற நாற்காலியருகே வந்து நின்றார். மண்டபம் அவரைப் பார்த்தது. அடுத்த அறையில் பழமும் பூவும் வைத்த தட்டுகள் இன்னும் மூடியபடி இருந்தன. கவிதா பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

நான் முன்னே போய், "தப்பு எம்பேர்லதாங்க. மிக்ஸிங்ல..." என்று தொடங்கினேன்.

"அத அப்பறம் பேசுவோம்மா" என்று கையை நீட்டித் தடுத்தார். மேலே பார்த்துக் கேட்டார். "ஏம்ப்பா, சத்தம் தாங்க முடியலையா ஒனக்கு?"

பிரபு குனிந்து அவர் வாயைப் பார்த்தான். "என்ன மாமா?"

"சத்தம் தாங்கலையான்னு கேட்டேன்!"

"இல்ல மாமா, எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. வளைவெறங்கி வந்ததுல காதடச்சுக் கெடக்கு."

"உங்காளுக அம்புட்டுப் பேரும் நல்லாருக்குன்னு தோப்புக்கரணம் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஒனக்கும் நல்லாத்தான் கேட்டிருக்கு. ஒம்பாட்டு வேற. பெறகு எதுக்குடா அதப் பொத்துன?"

பிரபுவுக்கு அந்தக் கேள்வியே புரியாததுபோல் இருந்தது. சால்வையை விடாமல், தாடையால் கவிதாவைக் காட்டினான்.

"அவ பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா மாமா."

தண்டபாணி திரும்பி மகளைப் பார்த்தார்.

"அப்படிச் சிரிச்சா அவளுக்கு எதோ முடியலன்னு அர்த்தம்" என்றான். "என்னான்னு எனக்குத் தெரியல. பாட்டு ஆரம்பிச்சதும்தான் சிரிச்சா. அதான் பாட்டப் பொத்தினேன்."

இளையவர்களே, பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸிங் முடிந்ததும் குல்லாவைக் கழற்றிவிட்டு ஒரு முறை கேளுங்கள். மலை ஏறினாலும் இறங்கினாலும் காது திறக்கும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் உங்கள் காது உங்களைக் கைவிடக்கூடும். அப்போது கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள். அவர் சிரிக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. எப்படிச் சிரிக்கிறார் என்று பாருங்கள். நான் மூன்று வழிகளை வரிசைப்படுத்திக்கொண்டு நின்ற நேரத்தில் காது கேட்காத ஒருவன் இதைச் செய்தான்.

தண்டபாணி குழாயைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், நாற்காலியின் கால்கள் நடுங்குவதைப் பார்த்தார். பிறகு குனிந்து நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் வந்தா அவனவன் தன் காதத்தான் பொத்துவான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். அப்புறம் அடுத்த அறையைப் பார்த்துக் கத்தினார். "ஏ, தட்ட எடுத்துக்கிட்டு வெரசா வாங்க!"

"மாப்பிள்ளைய எறங்கச் சொல்லுங்க" என்றார் அத்தை.

"எறங்குனா ஜால்ரா வந்துரும். இன்னும் எத்தன சரணம்டா இருக்கு?"

"நாலு மாமா. அதுல மூணு உங்களப் பத்தினது."

"அப்ப நிக்கட்டும்" என்றார் தண்டபாணி.

தட்டு அப்படித்தான் மாறியது. கொடுத்தது வெறுந்தலையோடு தும்மிக்கொண்டிருந்த சித்தப்பா. வாங்கியது ஒரு கையை நாற்காலியிலிருந்து எடுக்காத தண்டபாணி. பாட்டு அவருடைய குழாய்களை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தது. பிரபுவின் கைகள் சோர்ந்து சால்வையின் ஒரு முனை நழுவியது. ஒரே ஒரு ஜால்ரா தப்பித்து வெளியே வந்தது. கவிதா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு நாற்காலியைப் போட்டு ஏறி, நழுவிய முனையைப் பிடித்துக்கொண்டாள்.